பழைய கணக்கு மூட்டையைப் போட்டுவிடலாமா? வேலூர் வட்டார வியாபாரிகள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

ஆயுத பூஜைக்கு முந்தைய வாரத்தில் எங்கள் அலுவலகத் தொலைபேசிக்கு ஓய்வே இருக்காது. கடையைக் கழுவி, சுண்ணாம்பு அடித்து, பரணில் கிடப்பதை இறக்கும்போது எல்லோருக்கும் ஒரே சந்தேகம் வருகிறது: “சார், இந்த மூட்டையைப் போட்டுவிடலாமா?” லாங் பஜாரில் மொத்த வியாபாரம் செய்பவர், ஆம்பூரில் ஷூ அப்பர் தைத்துக் கொடுப்பவர், காந்தி ரோட்டில் லாட்ஜ் நடத்துபவர், ஆரணியில் பட்டு ஜவுளிக்காரர், குடியாத்தத்தில் லுங்கி வியாபாரி என்று கேட்காதவர் இல்லை. கணக்குப் பார்க்கும் தொழிலில் இத்தனை ஆண்டுகளாக நான் சொல்லிவரும் பதில்களை இங்கே ஒரே இடத்தில் எழுதியிருக்கிறேன். வழக்கு ஏற்கெனவே நடந்துகொண்டிருந்தால், இதைப் படித்துவிட்டு எதிலும் கைவைக்காமல் முதலில் உங்கள் வக்கீலைப் பாருங்கள்.

எதையும் அழிக்காமல் வைத்துக்கொண்டே இருந்தால் பாதுகாப்புதானே?

பலரும் அப்படித்தான் நினைக்கிறார்கள். ஒரு மளிகை மொத்தக் கடையின் மாடியில் நான் பார்த்த சாக்கு மூட்டையைச் சொல்கிறேன். பதினான்கு ஆண்டுக் காகிதம். பில் புத்தகங்களுக்கு நடுவே சிகரெட் அட்டையின் பின்புறம் எழுதிய துண்டுச் சீட்டுகள், பெயர் இல்லாத கூட்டல்கள், “மீதி 40” என்று மட்டும் எழுதிய தாள்கள். அந்த 40 நாற்பது ரூபாயா, நாற்பதாயிரமா, நாற்பது மூட்டையா என்று சொல்ல யாரும் இல்லை. எழுதிய கணக்குப்பிள்ளை இறந்து ஆறு ஆண்டுகள் ஆகிவிட்டன. அதிகாரிகள் சோதனைக்கு வந்தால் அந்தச் சீட்டுக்கும் விளக்கம் கேட்பார்கள். பதில் சொல்ல வேண்டியவர் முதலாளி.

இன்னொரு கஷ்டமும் உண்டு. வேண்டிய ஒரு சலான் அந்த மூட்டையில்தான் இருக்கும், ஆனால் கிடைக்காது. தேடிக் கிடைக்காத காகிதம் இருந்தும் இல்லாததுதான். காலம் முடிந்ததை ஒழுங்காகக் கழித்தால்தான் காலம் முடியாதது கைக்கு வரும்.

ஜி.எஸ்.டி.க்கு ஆறு வருடம் வைத்தால் போதும் என்கிறார்களே?

ஆறு வருடம் என்பது சரி. எங்கிருந்து எண்ணுவது என்பதில்தான் முக்கால்வாசிப் பேர் தவறுகிறார்கள். சட்டத்தின் 36-ஆவது பிரிவு சொல்வது 72 மாதங்கள். அந்த 72 மாதங்கள் பில் தேதியிலிருந்து தொடங்குவதில்லை. அந்த நிதியாண்டின் ஆண்டுக் கணக்குப் படிவம் தாக்கல் செய்ய வேண்டிய கடைசித் தேதியிலிருந்துதான் தொடங்குகின்றன.

கையில் ஒரு பில்லை எடுத்துக்கொள்வோம். 2023 ஏப்ரல் 10 தேதியிட்ட கொள்முதல் பில். அது 2023-24 நிதியாண்டு. அந்த ஆண்டின் படிவத்துக்குக் கடைசி நாள் 2024 டிசம்பர் 31. அதிலிருந்து 72 மாதம் என்றால் 2030 டிசம்பர் 31. அதாவது அந்த ஒரு பில் ஏறக்குறைய ஏழே முக்கால் ஆண்டு உயிரோடு இருக்க வேண்டும். பில் தேதியிலிருந்து ஆறு ஆண்டு என்று எண்ணியவர் 2029 ஏப்ரலிலேயே அதைக் கிழித்திருப்பார்.

கடை ஓரிடம், குடோன் இன்னோர் இடம் என்று இரண்டையும் பதிவில் காட்டியிருந்தால், அந்தந்த இடத்துக் கணக்கு அந்தந்த இடத்தில் இருக்க வேண்டும். சத்துவாச்சாரி குடோனின் சரக்குக் கணக்கை வீட்டு பீரோவில் வைத்துப் பூட்டுவது சட்டப்படி சரியில்லை.

வருமான வரிக்கு எத்தனை ஆண்டு?

மருத்துவர், வக்கீல், பொறியாளர், கணக்காயர் போன்ற சில தொழில்களுக்கு 1961 சட்டத்தின் விதி 6எஃப் தெளிவாகச் சொல்கிறது: மதிப்பீட்டு ஆண்டு (நிதியாண்டுக்கு அடுத்த ஆண்டு) முடிந்ததிலிருந்து ஆறு ஆண்டு. வியாபாரிகளோ, வரித்துறை பழைய கணக்கை எத்தனை ஆண்டு வரை திறக்க முடியும் என்பதைப் பார்க்க வேண்டும். 2024 செப்டம்பருக்குப் பிறகு அந்த வரம்பு குறைந்திருக்கிறது. விடுபட்ட வருமானம் 50 லட்சம் ரூபாயோ அதற்கு மேலோ இருக்கும் எனக் கருதப்பட்டால், மதிப்பீட்டு ஆண்டு முடிந்ததிலிருந்து ஐந்து ஆண்டு மூன்று மாதம் வரை நோட்டீஸ் வரலாம். முன்பு இது பத்தாண்டு. 2026 ஏப்ரல் 1 முதல் 2025-ஆம் ஆண்டின் புதிய வருமான வரிச் சட்டம் நடைமுறைக்கு வருகிறது. அதற்கு முந்தைய ஆண்டுகளின் கணக்குக்குப் பழைய 1961 சட்டம்தான் பொருந்தும் என்பதால், பழைய காகிதத்தை அவசரப்பட்டுத் தூக்கிப் போட அது ஒரு காரணம் ஆகாது.

என் கட்சிக்காரர்கள் எல்லோருக்கும் நான் சொல்லும் கணக்கு ஒன்றே ஒன்று: நிதியாண்டு முடிந்த மார்ச் 31-இலிருந்து எட்டு ஆண்டு. 2023-24 கணக்கு 2032 மார்ச் 31 வரை. ஜி.எஸ்.டி.யும் வருமான வரியும் இதற்குள் அடங்கிவிடும். ஒவ்வொரு காகிதத்துக்கும் ஒரு காலம் என்று பட்டியல் போட்டால் கடைப் பையன்கள் குழம்புவார்கள். குழம்பினால் தவறான மூட்டை போய்விடும்.

இதில் ஒரு விலக்கு உண்டு. நிலம், கட்டடம், இயந்திரம் வாங்கிய பில்களையும் பத்திரங்களையும் அந்தச் சொத்து கையில் இருக்கும் வரை வைத்திருக்க வேண்டும். விற்ற பிறகும் எட்டு ஆண்டு வையுங்கள். 2005-இல் கட்டிய குடோனை இன்று விற்றால், அன்று என்ன செலவானது என்பதை வைத்துத்தான் லாபத்துக்கு வரி கணக்கிட முடியும்.

எங்களுடையது பிரைவேட் லிமிடெட். வேறு விதி உண்டா?

உண்டு. 2013 கம்பெனிச் சட்டத்தின் 128-ஆவது பிரிவுப்படி கணக்குப் புத்தகங்களும் அவற்றுக்கான வவுச்சர்களும் எட்டு நிதியாண்டுக்குக் குறையாமல் இருக்க வேண்டும். கூட்ட நடவடிக்கைக் குறிப்பேடும் பங்குதாரர் பதிவேடும் நிரந்தரமானவை.

வழக்கு, நோட்டீஸ் எதுவும் இல்லை. ஆனாலும் அழிக்கவே கூடாதவை எவை?

பத்திரம், பட்டா, கூட்டாண்மை ஒப்பந்தம், வங்கிக் கடன் முடித்த சான்று, உரிமங்கள் ஆகியவற்றை நான் சொல்லாமலே எல்லோரும் பத்திரப்படுத்துகிறார்கள். யாரும் நினைக்காத ஒன்றைச் சொல்கிறேன்: தொழிலாளியின் பணிக்காலக் கணக்கு.

ஆம்பூர்ப் பக்கம் ஒரு காலணித் தொழிற்சாலையில் இளவயதில் வேலை பார்த்த அம்மா ஒருவர், 58 வயது நிறைந்ததும் ஓய்வூதியம் கேட்டு அலைந்துகொண்டிருந்தார். 1995-ஆம் ஆண்டு ஓய்வூதியத் திட்டத்தில் மாத ஓய்வூதியம் பெறப் பத்தாண்டுப் பணிக்காலம் வேண்டும். வேலை மாறினாலும் மாறாத பி.எஃப். எண்ணான யு.ஏ.என். வந்தது 2014-இல்தான். அதற்கு முன்பு தொழிற்சாலை மாறினால் கணக்கு எண்ணும் மாறிவிடும். அவருடைய முதல் தொழிற்சாலைக் கணக்கு சேரவில்லை. அதனால் பத்தாண்டுக்குச் சில மாதங்கள் குறைந்தன. அந்தத் தொழிற்சாலை முதலாளி நல்ல மனிதர். பழைய பீரோவைத் திறக்கச் சொன்னார். பி.எஃப். பிடித்தத்தை எழுதும் படிவம் 3ஏ அட்டைகள் ஆண்டுவாரியாக நூல் போட்டுக் கட்டியிருந்தன. அந்த அம்மாவின் பெயரில் ஓர் எழுத்து தவறு, கணவர் பெயர் இருக்க வேண்டிய இடத்தில் தந்தை பெயர். ஆனாலும் மாதம் மாதம் பிடித்த தொகை நீல மையில் அப்படியே இருந்தது. அந்த அட்டையைத் தடவிப் பார்த்தபடியே அவர் நின்ற நிலை இன்றும் என் கண்ணில் இருக்கிறது.

எனவே சம்பளப் பதிவேடு, பி.எஃப்., இ.எஸ்.ஐ. சலான், வேலையில் சேர்ந்த தேதி, விலகிய தேதி ஆகியவற்றை அழிக்காதீர்கள். இடம் இல்லையென்றால் ஸ்கேன் செய்து இரண்டு இடங்களில் வையுங்கள். இது உங்கள் பாதுகாப்பும்தான். பணிக்கொடை வழக்கு போடும் ஒருவர் எப்போது சேர்ந்தார் என்பதற்கு உங்களிடம் எழுத்து இல்லையென்றால் அவர் சொல்வதே நிற்கும். 2025 நவம்பர் 21 முதல் தொழிலாளர் சட்டங்கள் நான்கு தொகுப்புகளாக நடைமுறைக்கு வந்திருக்கின்றன. பழைய பதிவேடுகளின் பெயர்கள் மாறலாம், ஆளின் பணிக்காலம் மாறாது.

தோல் தொழிற்சாலைக் கழிவுநீர், சுத்திகரிப்பு நிலைய ரசீதுகள்? அவை எட்டு ஆண்டு முடிந்தால் போகலாமா?

கூடாது. இதற்குப் பதில் நம் ஊர் வரலாற்றிலேயே இருக்கிறது. பாலாற்றுப் படுகையில் தோல் கழிவுநீர் கலப்பதை எதிர்த்து வேலூர் குடிமக்கள் நல மன்றம் உச்ச நீதிமன்றத்தில் மனுப் போட்டது 1991-இல். தீர்ப்பு வந்தது 1996 ஆகஸ்ட் 28. மாசுபடுத்தியவரே அதன் செலவை ஏற்க வேண்டும் என்ற கொள்கையை இந்தியச் சட்டத்தில் ஊன்றிய தீர்ப்பு அது. அன்றைய வடஆற்காடு அம்பேத்கர் மாவட்டம் உட்பட ஐந்து மாவட்டங்களின் தோல் தொழிற்சாலைகள் ஒவ்வொன்றும் பத்தாயிரம் ரூபாய் கட்ட வேண்டும் என்றும் உத்தரவானது. பாதிக்கப்பட்டவர்களுக்கான இழப்பீடு பற்றிய விவகாரம் அதோடு முடியவில்லை. 2025 ஜனவரி 30-இல் உச்ச நீதிமன்றம் மறுபடியும் தீர்ப்புச் சொன்னது. மனுவுக்கும் அந்தத் தீர்ப்புக்கும் இடையே 34 ஆண்டு.

ஒரு வழக்கு ஒரு தலைமுறையைத் தாண்டி ஓடும் இடத்தில் எட்டு ஆண்டுக் கணக்குக்கு இடமே இல்லை. மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் இசைவாணை, பொதுச் சுத்திகரிப்பு நிலையத்துக்கு அனுப்பிய நீரின் அளவு, கட்டிய தொகையின் ரசீது, குரோம் கசடு எங்கே போனது என்பதற்கான சீட்டு, ஆய்வக அறிக்கை எல்லாம் நிரந்தரக் கோப்பு. ஒழுங்காகச் செய்த தொழிற்சாலைக்கும் அதைக் காட்ட வேறு வழி கிடையாது. பாலாற்றங்கரையில் கிணறு கெட்டுப்போன விவசாயிக்கும் உண்மை தெரிய வேண்டிய உரிமை இருக்கிறது. இந்தக் காகிதங்கள் இரண்டு பேருக்கும் வேண்டியவை.

ஜாப் வொர்க் சலான்களையும் தனியாகக் கட்டி வையுங்கள். பதனிடவோ தைக்கவோ அனுப்பிய சரக்கு ஓராண்டுக்குள் திரும்பவில்லையென்றால், அனுப்பிய நாளிலேயே விற்றதாகக் கருதி வரி கேட்பார்கள். போன தேதியும் வந்த தேதியும் ஒரே கட்டில் இருக்கட்டும்.

நோட்டீஸ் வந்துவிட்டது. காலம் முடிந்த பழைய மூட்டைகளை இப்போது போட்டுவிடலாமா?

ஒரு தாளைக்கூடத் தொடாதீர்கள். இந்தப் பக்கத்தில் வேறு எதை மறந்தாலும் இதை மறக்காதீர்கள்.

நோட்டீஸுக்கு முன்பே எழுதி வைத்த விதிப்படி, ஒவ்வோர் ஆண்டும் செய்வதுபோல அழித்தால் அது நிர்வாகம். அதே மூட்டையை நோட்டீஸ் வந்த மறுநாள் அழித்தால், உள்ளே வெறும் டீ செலவு வவுச்சர் இருந்தாலும், சாட்சியை ஒழித்ததாகத்தான் தெரியும். நீதிமன்றத்தில் காட்ட வேண்டிய ஆவணத்தையோ மின்னணுப் பதிவையோ காட்டவிடாமல் செய்யும் எண்ணத்தோடு அழிப்பது இப்போதைய தண்டனைச் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவின் 241-ஆவது பிரிவின்படி குற்றம். மூன்று ஆண்டு வரை சிறை. பழைய இந்தியத் தண்டனைச் சட்டத்தில் இது இரண்டு ஆண்டாக இருந்தது. கையில் இருக்கும் ஆவணத்தைக் காட்டாமல் வைத்துக்கொள்பவருக்கு அது பாதகமானது என்று நீதிமன்றம் ஊகித்துக்கொள்ளவும் சாட்சியச் சட்டம் இடம் தருகிறது.

சில ஆண்டுகளுக்கு முன் ஒரு வியாபாரி, சரக்கு வாங்கிய நிறுவனம் போலி என்று வரித்துறை சொன்னதும் பதறிப்போய் அந்த ஆண்டுக் கட்டுகளைக் கொல்லைப்புறத்தில் கொளுத்திவிட்டு என்னிடம் வந்தார். அவர் வாங்கிய சரக்கு உண்மையானது. லாரி ரசீது, எடைச் சீட்டு, இறக்குக் கூலி வவுச்சர் எல்லாம் இருந்திருக்கின்றன. சரக்கு உண்மையில் வந்து சேர்ந்தது என்று காட்ட அவைதான் சாட்சி. உள்ளீட்டு வரி எடுத்தவர்தான், அதாவது வாங்கும்போது கட்டிய வரியைக் கழித்துக்கொண்டவர்தான், அதை நிரூபிக்க வேண்டும் என்பது சட்டம். தன் பக்கத்து சாட்சியைத் தன் கையாலேயே கொளுத்திவிட்டார். அவரைத் திட்டவும் எனக்கு மனம் வரவில்லை. பயம் வந்தால் மனிதன் செய்வது அதுதான். அதனால்தான் பயம் வருவதற்கு முன்பே விதி இருக்க வேண்டும் என்கிறேன்.

தபாலில் நோட்டீஸ் வரும் என்று காத்திருக்காதீர்கள். ஜி.எஸ்.டி. நோட்டீஸ் இணையதளத்தில் ஏறிவிடும். கணக்கைத் திறந்து பார்க்காதவர் பல மாதம் கழித்துத் தெரிந்துகொள்வார். அழிக்கும் நாளன்று காலையில் முதல் வேலை, அந்த இணையதளத்தையும் வருமான வரி இணையதளத்தையும் திறந்து பார்ப்பது.

நிறுத்த வேண்டிய அறிகுறி நோட்டீஸ் மட்டும் இல்லை. எதிர்த்தரப்பு வக்கீல் கடிதம், காசோலை திரும்பியது, தொழிற்சாலையில் விபத்து, வேலையை விட்டு நீக்கியவர் “பார்த்துக்கொள்கிறேன்” என்று சொல்லிவிட்டுப் போனது, பங்காளிகளுக்குள் பேச்சு முறிந்தது, இவற்றில் எது நடந்தாலும் அது தொடர்பான எல்லாம் அப்படியே நிற்க வேண்டும். ஒரு தாளில் தேதி போட்டு “இன்ன விவகாரம் முடியும் வரை இன்ன கோப்புகளை அழிக்கக் கூடாது” என்று எழுதி, கணக்கெழுதுபவரிடமும் கம்ப்யூட்டர் பார்ப்பவரிடமும் கையெழுத்து வாங்குங்கள். ஜி.எஸ்.டி. விவகாரம் என்றால் இறுதி முடிவு வந்து ஓராண்டு ஆகும் வரை, அல்லது வழக்கமான 72 மாதம் முடியும் வரை, எது பிந்தியதோ அதுவரை அந்தக் கோப்புகள் இருக்க வேண்டும்.

வாட்ஸ்அப்பில்தான் ஆர்டர் எல்லாம் வருகிறது. அதுவும் கணக்கா?

விலை பேசியது, தரம் குறைவு என்று படம் அனுப்பியது, “வெள்ளிக்கிழமை அனுப்புகிறேன்” என்று குரல் பதிவு போட்டது எல்லாம் மின்னணுப் பதிவுதான். வழக்கு வந்தால் இரண்டு தரப்பும் முதலில் கேட்பது அதைத்தான்.

நீதிமன்றத்தில் அதைக் காட்ட வேண்டுமென்றால் இப்போதைய சாட்சியச் சட்டமான பாரதிய சாக்ஷிய அதிநியமத்தின் 63-ஆவது பிரிவுப்படி ஒரு சான்றிதழ் வேண்டும். எந்தக் கருவியிலிருந்து எடுக்கப்பட்டது, அந்தப் பதிவின் ஹாஷ் மதிப்பு (பதிவு மாறவில்லை என்று காட்டும் குறியீடு) என்ன என்பதெல்லாம் அதில் வரும். வெறும் ஸ்க்ரீன்ஷாட் அச்சுப்படி போதாது. தகராறு முளைத்த உரையாடல் இருக்கும் போனைப் பழைய போனுக்குப் புதுப்போன் என்று கடையில் மாற்றிவிடாதீர்கள். அதை அணைத்து, உறையில் போட்டு, தேதி எழுதி பீரோவில் வையுங்கள்.

செய்திகள் தானாக மறையும் வசதியைக் கடைப் போனில் ஆரம்பத்திலிருந்தே வைத்திருந்தால் அது ஒரு வழக்கம். தகராறு தொடங்கிய வாரத்தில் அதைப் புதிதாகப் போட்டால், ஏன் அன்று போட்டீர்கள் என்று கேட்பார்கள். என் யோசனை எளியது: முதலாளியின் சொந்தப் போனும் கடைப் போனும் தனித்தனியாக இருக்கட்டும். ஆர்டர் உறுதியானதும் அதை ஒரு மின்னஞ்சலாகவோ பில் புத்தகக் குறிப்பாகவோ எழுதிவிடுங்கள். பிறகு குடும்பப் படங்களுக்கு நடுவே ஆர்டரைத் தேட வேண்டியிருக்காது.

டேலி கணக்கு மென்பொருளில் தவறாகப் போட்ட பதிவை அழித்துவிட்டுப் புதிதாகப் போடலாமா?

கம்பெனி என்றால், 2023 ஏப்ரல் 1 முதல் ஒவ்வொரு மாற்றத்தையும் பதிந்து வைக்கும், அணைக்க முடியாத வசதியுள்ள மென்பொருளில்தான் கணக்கு எழுத வேண்டும். தனி வியாபாரியும் தப்ப முடியாது. ஜி.எஸ்.டி. விதி 56, பதிவுகளை அழிக்கவோ மேலெழுதவோ கூடாது என்கிறது. கம்ப்யூட்டரில் எழுதினால் திருத்தியதும் நீக்கியதும் பதிவாக வேண்டும் என்கிறது. நம் தாத்தாக்கள் சிவப்புத் துணி அட்டை பேரேட்டில் தவறை ஒரே கோட்டால் அடித்து, பக்கத்தில் சரியானதை எழுதி, கையொப்பம் இட்டார்கள். அதே முறைதான் இன்றும் சட்டம்.

எங்கள் லாட்ஜில் அறை எடுப்பவர்களின் ஆதார் நகல் பெட்டி பெட்டியாகக் கிடக்கிறது. என்ன செய்ய?

இதைக் கேட்பவர்களை நான் நிறுத்தி வைத்துப் பேசுகிறேன். சி.எம்.சி. மருத்துவமனைக்கு வங்காளத்திலிருந்தும் அசாமிலிருந்தும் எல்லை தாண்டி வங்கதேசத்திலிருந்தும் நோயாளிகள் வந்து வாரக்கணக்கில் தங்கும் ஊர் இது. ஒருநாள் மாலை ரயில் நிலையம் பக்கம் வாங்கிய வேர்க்கடலைப் பொட்டலத்தைப் பிரித்தால், உள்ளே ஒரு பெண்ணின் அடையாள அட்டை நகல். படம், பிறந்த தேதி, கிராமத்தின் பெயர், ஓரத்தில் அறை எண். நோயோடு வந்த ஒருத்தியின் அடையாளம் உப்புக் கடலையைச் சுற்றிக்கொண்டு என் கையில் இருந்தது. எந்த லாட்ஜ் என்று தெரியவில்லை. யாரோ பெட்டியோடு பழைய பேப்பர் கடைக்குப் போட்டிருக்கிறார்கள்.

2023-ஆம் ஆண்டின் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தின் விதிகள் 2025 நவம்பரில் வெளியாகிவிட்டன. பெரும்பாலான கடமைகள் பதினெட்டு மாதம் கழித்து, 2027-இல் நடைமுறைக்கு வருகின்றன. ஸ்கேன் செய்து கம்ப்யூட்டரில் வைத்தவையும் வாட்ஸ்அப்பில் வாங்கியவையும் இதில் வரும். வாங்கிய காரியம் முடிந்ததும், வேறு சட்டம் வைக்கச் சொல்லாதவரை, அழித்துவிட வேண்டும் என்பது அதன் சாரம். பாதுகாக்கத் தவறினால் அபராதம் 250 கோடி ரூபாய் வரை போகலாம்.

பில்லும் வரிக் கணக்கும் எட்டு ஆண்டு இருக்கட்டும். வெளிநாட்டவர் தங்கினால் 24 மணி நேரத்துக்குள் அதற்கான படிவத்தை அனுப்ப வேண்டும், அதன் ஒப்புகை இருக்கட்டும். தங்குவோர் பதிவேட்டை எத்தனை காலம் வைக்க வேண்டும் என்று உங்கள் காவல் நிலையத்தில் கேட்டு எழுதி வைத்துக்கொள்ளுங்கள். நகல்களைத் தேதிவாரியாகப் பிரித்து, அந்தக் காலம் முடிந்ததும் துண்டாக்கிவிடுங்கள். இனி வருபவர்களிடம் எண்ணின் கடைசி நான்கு இலக்கம் மட்டும் தெரியும் ஆதாரைக் கேட்டு வாங்குங்கள். வரவேற்பு மேசைப் பையனின் சொந்தப் போனில் அட்டையைப் படம் பிடிக்கும் பழக்கத்தை இன்றே நிறுத்துங்கள்.

கண்காணிப்பு கேமராப் பதிவு சில வாரங்களில் தானாக அழிந்துவிடும். அதில் தவறில்லை. லாட்ஜில் திருட்டோ அடிதடியோ நடந்தால் அன்றைக்கே நகல் எடுத்துவிட வேண்டும்.

வராத கடன் பாக்கியின் சீட்டுகளை எத்தனை நாள் வைப்பது?

சரக்கு விற்ற பாக்கிக்கு வழக்குப் போட, பெரும்பாலும் மூன்று ஆண்டு. அந்த மூன்று ஆண்டு முடிவதற்குள் கடன்காரர் கையெழுத்திட்டுக் கடனை ஒப்புக்கொண்டால், அந்த நாளிலிருந்து மறுபடியும் மூன்று ஆண்டு. அதனால் “தீபாவளிக்குத் தருகிறேன்” என்று எழுதிக் கையெழுத்துப் போட்ட ஒரு தாள் மூலப் பில்லைவிட மதிப்புள்ளது. காசோலை திரும்பினால் வங்கியின் சீட்டு வந்த 30 நாளுக்குள் நோட்டீஸ் அனுப்ப வேண்டும். அந்தச் சீட்டு, தபால் ரசீது, ஒப்புகை அட்டை மூன்றும் ஒரே உறையில் இருக்கட்டும். தீர்ப்பு வாங்கிவிட்டால் அதை நிறைவேற்றிக்கொள்ளப் பன்னிரண்டு ஆண்டு அவகாசம் உண்டு, தீர்ப்பு நகலும் அதுவரை இருக்க வேண்டும்.

பில்லில் எழுத்தே மறைந்துவிட்டது. அது செல்லுமா?

வேலூர் வெயிலில் இது தினமும் நடக்கிறது. பெட்ரோல் பங்க், எடை மேடை, சில கடைகள் தரும் வழவழப்பான தாள் சூட்டில் அச்சாவது. தகரக் கூரைக்கு அடியில் ஒரு கோடை போதும், வெள்ளைத் தாளாகிவிடும். வாங்கிய அன்றே நகல் எடுத்து இரண்டையும் சேர்த்துக் குத்துங்கள். ரப்பர் பேண்டு வேண்டாம். அது உருகி வவுச்சரோடு ஒட்டிக்கொண்டு, பிரிக்கும்போது தொகை எழுதிய இடத்தையே பெயர்த்துக்கொண்டு வரும். நூல் கயிறுதான் நல்லது.

வெள்ளத்தில், கரையானில் போய்விட்டால்?

2021 நவம்பரில் பாலாறு கரை புரண்டபோது சிலர் நனைந்த கட்டுகளை அப்படியே அள்ளிக் குப்பையில் போட்டார்கள். அப்படிச் செய்யாதீர்கள். முதலில் படம் எடுங்கள். எந்த ஆண்டு, எந்தக் கட்டு என்று பட்டியல் எழுதுங்கள். காவல் நிலையத்தில் மனுக் கொடுத்து ரசீது வாங்குங்கள். வரி அலுவலகத்துக்கு எழுத்து மூலம் தெரிவித்து ஒப்புகை பெறுங்கள். பிறகு வங்கி அறிக்கை, இணையதளத்தில் உள்ள படிவங்கள், எதிர்த்தரப்புப் பேரேட்டு நகல்கள் மூலம் கணக்கை மறுபடி எழுப்பலாம். கரையான் அரித்தாலும் இதேதான், ஆனால் அதற்கு முன்பே கட்டுகளைத் தரையிலிருந்தும் சுவரிலிருந்தும் ஓர் அடி தள்ளி வைத்திருக்கலாம்.

நீங்கள் சொல்லும் “எழுதி வைத்த விதி” எப்படி இருக்கும்?

ஒரு பக்கம் போதும். ஒரு லுங்கி வியாபாரிக்கு நாங்கள் எழுதித் தந்தது ஏறக்குறைய இப்படி இருந்தது:

“எங்கள் கடையின் பில், வவுச்சர், வங்கி, வரிக் கணக்குகள் நிதியாண்டு முடிந்து எட்டு ஆண்டு வைக்கப்படும். சொத்து, சம்பளம், பி.எஃப்., உரிமக் கோப்புகள் அழிக்கப்படா. ஒவ்வோர் ஆண்டும் ஜூன் முதல் வாரத்தில் காலம் முடிந்தவை பட்டியலிடப்படும். ஏதேனும் வழக்கு, நோட்டீஸ், தகராறு இருந்தால் அது தொடர்பானவை விலக்கப்படும். உரிமையாளர் கையெழுத்திட்ட பிறகே அழிக்கப்படும். பட்டியல் நிரந்தரமாக வைக்கப்படும்.”

தேதி, முத்திரை, கையெழுத்து. அவ்வளவுதான். விதியை எழுதிவிட்டு ஓராண்டு செய்து மறு ஆண்டு விடுவது ஆபத்து. மூன்று ஆண்டு சும்மா இருந்துவிட்டு நான்காம் ஆண்டு நோட்டீஸ் வரும் சமயத்தில் சுறுசுறுப்பானால் விதியே எதிராகத் திரும்பும். அழித்த பட்டியலை மட்டும் என்றைக்கும் விடாதீர்கள். காகிதம் எங்கே என்று கேட்டால் அந்தப் பட்டியல்தான் பதில் சொல்லும்.

கம்ப்யூட்டரிலும் அதே நாளில் அதே ஆண்டுக் கோப்புகள் போக வேண்டும். காகிதத்தைக் கிழித்துவிட்டுப் பென் டிரைவில் ஒரு நகல், ஆடிட்டர் மின்னஞ்சலில் ஒரு நகல், பழைய லேப்டாப்பில் ஒரு நகல் என்று விட்டுவைத்தால் அழித்ததாகவே ஆகாது. பழைய லேப்டாப்பை விற்பதற்கு முன் ஹார்ட் டிஸ்க்கைக் கழற்றிவிடுங்கள்.

காகிதத்தைக் கொளுத்தலாமா?

வேண்டாம். புகையும் சட்டச் சிக்கலும் வரும், நடுத்தாள்கள் வேகாமல் காற்றில் பறக்கும். துண்டாக்கும் இயந்திரத்தில் போட்டு, பிறகு எடைக்குப் போடுங்கள். இயந்திரம் இல்லையென்றால் வாளித் தண்ணீரில் ஓரிரவு ஊறவைத்துப் பிசைந்துவிடுங்கள். கூழான காகிதத்தில் யாரும் கடலை மடிக்க முடியாது.

அப்பா காலமாகிவிட்டார். கடையை மூடி, ஜி.எஸ்.டி. பதிவையும் ரத்து செய்துவிட்டோம். இனிமேலும் அந்தக் கட்டுகள் எதற்கு?

பதிவு ரத்தானாலும் கடைசி ஆண்டுக் கணக்கின் காலம் ஓடிக்கொண்டுதான் இருக்கும். ரத்தான மூன்று மாதத்துக்குள் இறுதிப் படிவத்தைக் கொடுத்துவிட்டீர்களா என்று முதலில் பாருங்கள். இறந்தவர் பெயரில் வரி பாக்கி என்று பின்னால் வந்தால், அவர் விட்டுச் சென்ற சொத்தின் அளவுக்கு வாரிசுகளிடம் கேட்கச் சட்டத்தில் இடம் இருக்கிறது. பதில் சொல்ல அவர் இருக்க மாட்டார், அவர் எழுதிய கணக்குதான் இருக்கும்.

கடைசி எட்டு ஆண்டுக் கட்டுகளை ஓர் இரும்புப் பெட்டியில் போட்டு, மேலே ஆண்டும் அழிக்கலாம் என்ற தேதியும் எழுதி ஒட்டுங்கள். பெட்டி எந்த வீட்டில், யார் பொறுப்பில் இருக்கிறது என்று அண்ணன் தம்பி அக்கா தங்கை எல்லோருக்கும் தெரியட்டும். சாவி அம்மாவிடம் இருக்கட்டும்.